சரக்குக் கப்பலுக்குப் பீரங்கி: ஒரு பைதான் இழப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

விண்வெளிக் கப்பல் ஓட்டி வணிகமும் சண்டையும் செய்யும் எலீட் டேஞ்சரஸ் என்ற கணினி விளையாட்டைச் சேர்ந்து ஆடும் சிறிய குழு எங்களுடையது. எல்லாரும் சிங்கப்பூர்த் தமிழர்கள். ஆளுக்கொரு வட்டாரம், ஆளுக்கொரு வேலை நேரம் என்பதால் வெள்ளி, சனி இரவுகளில்தான் ஒன்றுசேர முடிகிறது. தனிக்குழு முறையில் ஆடுகிறோம். முன்பின் தெரியாத ஆட்டக்காரர்கள் யாரும் குறுக்கே வர மாட்டார்கள். கணினி இயக்கும் கொள்ளையர்கள் மட்டும் வருவார்கள். இந்த நிகழ்விலும் தாக்கியது அப்படிப்பட்ட ஒரு கொள்ளையன்தான்.

அழிந்த பைதான் கப்பலின் உரிமையாளர் ஜூரோங் தீவில் ஷிஃப்டு வேலை பார்ப்பவர், நாற்பதை நெருங்குபவர். அவருடைய மனைவியின் தம்பி தேசிய சேவையில் இருக்கிறார். வார இறுதியில் முகாமிலிருந்து வந்தால் அக்கா வீட்டுக் கணினி அவருக்குத்தான். உரிமையாளர் வணிகம் மட்டும் செய்பவர். மைத்துனர் சண்டை மட்டும் போடுபவர், அதுவும் நன்றாகப் போடுபவர். இதை நினைவில் வைத்துக்கொண்டால் மேலே வருவது எளிதாகப் புரியும்.

இப்படி ஓர் அறிக்கை எழுதலாம் என்று சொன்னவரே உரிமையாளர்தான். வேலையிடத்தில் ஏதாவது நடந்தால் யார் மேல் தவறு என்று தேடாமல் என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுவார்களாம். அதே முறையில் எழுதச் சொன்னார்.

கப்பல் இருந்த நிலை

டைப்-6 சரக்குக் கப்பலில் தொடங்கி, ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர் வழியாக அவர் பைதானுக்கு வந்திருந்தார். பைதானின் அடிப்படை விலை சுமார் 57 மில்லியன் கிரெடிட். நடுத்தர இறங்குதளத்தில் இறங்கக்கூடியது என்பதால் பெரிய கப்பல்கள் போக முடியாத நிலையங்களுக்கும் 200 டன்னுக்கு மேல் சரக்கு கொண்டுபோகலாம். வணிகர்களுக்கு இது பிடித்துப்போவதற்கு முதல் காரணம் அதுதான்.

ஆனால் அதே கப்பலில் மூன்று பெரிய, இரண்டு நடுத்தர ஆயுத இடங்களும் இருக்கின்றன. டைப்-6இல் இருப்பதோ இரண்டே இரண்டு சிறிய இடங்கள். அதில் போகிறவருக்குச் சண்டை போடும் எண்ணமே வராது. பைதான் அப்படியல்ல. காலியாகக் கிடக்கும் அந்த ஐந்து இடங்களும் நிரப்பச் சொல்லி உரிமையாளரைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த வகை விளையாட்டின் மரபும் அப்படித்தான். 1984இல் வந்த முதல் எலீட்டில் ஆட்டக்காரரின் கையில் 100 கிரெடிட்டும் ஒரு பல்ஸ் லேசரும் இருக்கும். சம்பாதிப்பது, அடுத்த லேசரை வாங்குவது, மறுபடி சம்பாதிப்பது. நாற்பது ஆண்டுகளாகக் ‘கப்பலை மேம்படுத்துவது’ என்றதும் பலருக்கு முதலில் ஆயுதம்தான் நினைவுக்கு வருகிறது.

சம்பவத்துக்கு முன்பே உரிமையாளர் சில நல்ல வேலைகளைச் செய்திருந்தார். ஒரு நட்சத்திர மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ உதவும் இயந்திரமான எஃப்எஸ்டியை 5ஆம் அளவு ஏ தரத்துக்கு மாற்றியிருந்தார் (தரங்களில் ஏ உயர்ந்தது, இ தாழ்ந்தது). விலை 5 மில்லியன் சொச்சம். உந்துவிசை இயந்திரமும் ஷீல்டும் 6ஆம் அளவு ஏ தரம், ஒவ்வொன்றும் 16 மில்லியனுக்கு மேல். சென்சாரும் உயிர்காப்புக் கருவியும் டி தரம். டி தரம்தான் எல்லாவற்றிலும் எடை குறைந்தது, எனவே சரக்குக் கப்பலுக்கு அது சரியான தேர்வு. மின் உற்பத்தி இயந்திரமும், ஆயுதம், ஷீல்டு, இயந்திரம் மூன்றுக்கும் மின்சாரத்தைப் பிரித்துத்தரும் மின் பகிர்மானியும் மட்டும் கப்பலோடு வந்த இ தரத்திலேயே இருந்தன.

மேம்படுத்தியபோது எடுத்த முடிவுகள்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அவர் கையில் 80 மில்லியன் கிரெடிட் சேர்ந்திருந்தது. அதில் 60 மில்லியனை எதில் போடுவது என்று வீட்டிலேயே பேச்சு நடந்திருக்கிறது. “வெறுங்கையோட போறீங்களே அத்தான், ஒருநாள் எவனாவது வழியில நிறுத்துவான்” என்பது மைத்துனரின் வாதம். அதில் தவறில்லை. வழிமறிப்பு எல்லாருக்கும் நடப்பதுதான்.

இரண்டு பெரிய செலவுகள் எதிரெதிரே நின்றன. ஒன்று, 7ஆம் அளவு ஏ தர மின் உற்பத்தி இயந்திரம், 51 மில்லியன். மற்றொன்று, ராணுவத் தரக் கவசம். கவசத்தின் விலை கப்பல் விலையில் ஏறத்தாழ 90 விழுக்காடு, அதாவது பைதானுக்கு இதுவும் 51 மில்லியன்தான். அவர் கவசத்தைத் தேர்ந்தெடுத்தார். ‘மின் இயந்திரம் என்ன செய்யும் என்று தெரியவில்லை, கவசம் என்ன செய்யும் என்று தெரிந்தது’ என்று பிறகு காரணம் சொன்னார். நேர்மையான பதில். கடையில் பட்டியலைப் பார்த்து வாங்கும் பெரும்பாலானோர் இப்படித்தான் முடிவெடுக்கிறார்கள்.

மீதிப் பணத்தில் மூன்று பெரிய பீம் லேசர்கள், இரண்டு நடுத்தர மல்டி-கேனன்கள், துணைக்கருவி இடங்கள் நான்கிலும் ஷீல்டு பூஸ்டர்கள். லேசர் ஒன்றுக்கு 2.4 மில்லியன்.

இவை எல்லாம் பொருத்தியதும் மின்சாரம் போதவில்லை. கப்பலின் மின் இயந்திரம் தருவது 20 மெகாவாட். ஆயுதங்கள் உள்ளே மடங்கியிருக்கும்போது சமாளிக்கும். வெளியே நீட்டினால் தேவை அதைத் தாண்டிவிடும். இதற்கு மைத்துனர் ஒரு வழி சொன்னார். எந்தக் கருவி முதலில் அணைய வேண்டும் என்று 1 முதல் 5 வரை முன்னுரிமை கொடுக்கலாம். எஃப்எஸ்டியை 5இல் வைத்துவிட்டால் ஆயுதம் நீட்டும்போது அது அணைந்து மின்சாரம் மிச்சமாகும். ஆயுதம் வெளியே இருக்கும்போது எப்படியும் தாவ முடியாது, அப்புறம் அது எதற்கு எரிய வேண்டும்?

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மைத்துனர் ஓட்டுவது வல்ச்சர். இரண்டு பெரிய ஆயுதங்களோடு, எப்போதும் மின் பற்றாக்குறையோடு பறக்கும் சண்டைக் கப்பல் அது. வல்ச்சர் ஓட்டும் பலரும் எஃப்எஸ்டியைக் கடைசி முன்னுரிமையில்தான் வைப்பார்கள். சண்டையைத் தேடிப் போகிறவருக்கு அது சரியான வழி; முடிந்ததும் நிதானமாக ஆயுதத்தை மடக்கிவிட்டுப் போகலாம். சண்டையிலிருந்து தப்ப வேண்டியவருக்கு அதே அமைப்பு என்ன செய்யும் என்று இருவருமே யோசிக்கவில்லை.

எடையும் ஏறியது. பெரிய ஆயுதம் ஒவ்வொன்றும் 8 டன், நடுத்தரமானது 4 டன், கவசம் 53 டன். எல்லாம் சேர்ந்து 80 டன்னுக்கு மேல். தாவும் தூரம் குறைந்து, வழக்கமான வணிகப் பாதையில் ஒரு தாவல் கூடிவிட்டது.

இன்னொன்றும் ஏறியது, அதை அவர் கவனிக்கவே இல்லை. கப்பல் அழிந்தால் கப்பல், கருவிகள் ஆகியவற்றின் மொத்த மதிப்பில் 5 விழுக்காட்டைக் கட்டித்தான் திரும்பப் பெற முடியும். நாங்கள் ரீபை என்போம். மொத்த மதிப்பு 150 மில்லியனைத் தாண்டியதால் ரீபை 7.7 மில்லியன் ஆனது. சரக்குக்கு இந்தக் காப்புறுதி கிடையாது, போனால் போனதுதான்.

சம்பவம்

ஒரு சனிக்கிழமை பின்னிரவு. உரிமையாளர் தனியாகத்தான் ஆடிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த 20 மில்லியனில் ஏறத்தாழ 11 மில்லியனுக்குப் பல்லேடியம் ஏற்றியிருந்தார். சேர வேண்டிய நட்சத்திர மண்டலத்துக்குள் நுழைந்து நிலையத்தை நோக்கிச் சூப்பர்குரூஸில், அதாவது மண்டலத்துக்குள்ளான அதிவேகப் பயணத்தில் போகும்போது ஃபேர் டி லான்ஸ் ஒன்று பின்னால் வந்து இடைமறித்தது, அதாவது அந்த வேகத்திலிருந்து வெளியே இழுக்கப் பார்த்தது. வணிகர்களுக்கு அந்தப் பெயரே போதும். ஒரு மிகப் பெரிய ஆயுத இடமும் நான்கு நடுத்தர இடங்களும் கொண்ட, சண்டைக்கென்றே செய்யப்பட்ட கப்பல்.

இடைமறிப்பில் இரண்டு வழிகள் உண்டு. தப்பும் திசையைத் துரத்தி இழுபறியில் வெல்லலாம். இல்லையென்றால் வேகத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து தானாகவே அடங்கிவிடலாம். அடங்கினால் கப்பல் மெதுவாக வெளியே விழும், எஃப்எஸ்டி சீக்கிரம் தயாராகிவிடும். இழுபறியில் தோற்றால் கப்பல் சுழன்றுகொண்டே விழும், உடலில் சேதம் ஆகும், எஃப்எஸ்டி ஆறுவதற்கு நீண்ட நேரம் பிடிக்கும்.

டைப்-6 காலத்தில் அவர் எப்போதும் அடங்கிவிடுவார். அன்று இழுபறிக்குப் போனார், தோற்றார்.

வெளியே விழுந்ததும் கொள்ளையன் சரக்கைக் கேட்டான். கொஞ்சம் சரக்கை வெளியே தள்ளிவிட்டு நகர்ந்திருக்கலாம். அவர் ஆயுதங்களை நீட்டினார். அந்த நொடியில் எஃப்எஸ்டி அணைந்தது.

முதல் அரை நிமிடம் நன்றாகவே போனது. மூன்று பீம் லேசர்களும் எதிரியின் ஷீல்டைக் கரைத்தன. ஆனால் பீம் லேசர் மின் பகிர்மானியின் சேமிப்பை உறிஞ்சிவிடும். இ தரப் பகிர்மானியால் அதை மறுபடி வேகமாக நிரப்ப முடியாது. லேசர்கள் விட்டுவிட்டு எரியத் தொடங்கின. பகிர்மானியில் உள்ள ஆறு பிப்களில் (மின்பங்குகளில்) நான்கை ஆயுதத்துக்குக் கொடுத்தார். ஷீல்டுக்கு மிஞ்சியது இரண்டு, இயந்திரத்துக்கு ஒன்றுமில்லை. சில விநாடிகளில் பைதானின் ஷீல்டு விழுந்தது.

அதன்பின் அவர் ஓட முடிவெடுத்தார். ஆயுதத்தை மடக்கினார். அணைந்த எஃப்எஸ்டி மீண்டும் உயிர்பெறக் காத்திருந்தார். இடைமறிப்பில் தோற்றதற்கான ஆறும் நேரமும் இன்னும் முடிந்திருக்கவில்லை. எதிரி உந்துவிசை இயந்திரத்தைக் குறிபார்த்து அடித்தான். கப்பல் அப்படியே மிதந்தது.

பதிவில் கண்டவை

கிராஃபிக்ஸ் கார்டு கடைசி நிமிடங்களைத் தானாகப் பதிவுசெய்திருந்தது. அடுத்த வாரம் தேக்காவில் ஒரு கடையில் உட்கார்ந்து, தே தாரிக் ஆறும்வரை அதைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

முதலில் கண்ணில் பட்டது, இயந்திரம் செயலிழந்த வேளையில் கப்பல் உடல் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. கவசம் தன் வேலையைச் செய்திருந்தது. ஆனால் கவசம் கப்பலின் உடலைத்தான் காக்கும், உள்ளே இருக்கும் கருவிகளை அல்ல. கருவிகளைக் காக்க வேறு வகைப் பலப்படுத்தல் இருக்கிறது. அசைய முடியாத கப்பலில் 51 மில்லியன் கவசம், சாவைக் கொஞ்சம் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான்.

அடுத்தது நேரக்கணக்கு. வேறொரு நட்சத்திர மண்டலத்துக்குத் தாவ எஃப்எஸ்டி சார்ஜ் ஆகச் சுமார் 15 விநாடி போதும். எதிரியின் எடை எவ்வளவு இருந்தாலும் அந்தத் தாவலைத் தாமதப்படுத்தாது. அதே மண்டலத்தில் சூப்பர்குரூஸுக்குத் திரும்ப முயன்றால்தான் எடைப்பூட்டு, அதாவது பக்கத்திலுள்ள கப்பலின் எடையால் வரும் தாமதம், குறுக்கே வரும். பதிவின்படி அவருடைய ஷீல்டு ஒரு நிமிடத்துக்கு அருகில் தாக்குப்பிடித்தது. அடங்கி விழுந்து, நான்கு பிப் ஷீல்டுக்குக் கொடுத்துத் தாவ முயன்றிருந்தால் (நான்கு பிப் இருந்தால் ஷீல்டு வாங்கும் சேதம் 60 விழுக்காடு குறையும்) ஷீல்டு விழுவதற்குள்ளேயே போயிருப்பார். அதாவது, தப்புவதற்குத் தேவையானவை எல்லாம் மேம்படுத்துவதற்கு முன்பே அந்தக் கப்பலில் இருந்தன.

மைத்துனர் இதை ஏற்கவில்லை. “ஏ தர மின் இயந்திரமும் ஏ தரப் பகிர்மானியும் போட்டிருந்தா அவனை அடிச்சிருக்கலாம் அத்தான்” என்றார். அவர் ஓட்டியிருந்தால் அடித்திருப்பார், சந்தேகமில்லை. உரிமையாளர் ஓட்டியிருந்தால்? சண்டை ஓட்டம் பழகாதவருக்கு ஆயுதம் கொடுப்பதில் உள்ள சிக்கல் எடையோ மின்சாரமோ அல்ல என்பது என் கருத்து. அது அவர் முடிவெடுக்கும் விதத்தையே மாற்றிவிட்டது. இத்தனை நாள் அடங்கிப்போனவர் அன்று மல்லுக்கு நின்றதற்கும், ஒரு டன் சரக்கைக்கூட வீசாததற்கும் வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. இதை அவரிடம் கேட்டபோது, “லேசர் இருக்கே, அதை எதுக்கு வாங்கினேன்னு தோணுச்சு” என்றார்.

மறு அமைப்பு

ரீபை கட்டியதும் கையில் 1 மில்லியனைச் சற்றுத் தாண்டிய தொகை மட்டும் இருந்தது. 200 டன் கொள்ளும் கப்பல் இருக்கிறது, அதை நிரப்பப் பணமில்லை. டைப்-6க்குத் திரும்புவது பற்றிக்கூட யோசித்திருக்கிறார்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. இந்த விளையாட்டில் கப்பலை விற்றால்தான் நட்டம். கருவிகளை விற்றால் வாங்கிய விலை முழுவதும் திரும்பக் கிடைக்கும். சிங்கப்பூரில் கார் வாங்கிப் பழகியவர், ஷோரூமை விட்டு வெளியே வந்ததுமே விலை இறங்கிவிடும் என்று இதையும் அப்படியே எண்ணிவிட்டார். விவரம் தெரிந்ததும் கவசத்தைக் கழற்றினோம். 51 மில்லியன் வந்தது. லேசர்களிலிருந்து இன்னொரு 7 மில்லியன்.

அதை எங்கே போடுவது என்பதில்தான் நேரம் எடுத்துக்கொண்டோம். 7ஆம் அளவு ஏ தர மின் இயந்திரம் வேண்டாம் என்று முடிவானது. 6ஆம் அளவு ஏ தர இயந்திரத்தை அதே இடத்தில் பொருத்தலாம். அது 25 மெகாவாட்டுக்குச் சற்று மேல் தரும், விலை 16 மில்லியன்தான், எடையும் குறைவு. அளவில் சிறியது, தரத்தில் உயர்ந்தது என்ற இந்தச் சேர்க்கை பலருக்குத் தோன்றுவதே இல்லை. இடம் 7 என்றால் 7தான் போட வேண்டும் என்று எண்ணிவிடுகிறார்கள். ஆயுதமே இல்லாத கப்பலுக்குப் பழைய 20 மெகாவாட்டே போதுமே என்று கேட்கலாம். போதும்தான். ஆனால் உரிமையாளர் இனி எந்தக் கருவியும் எந்த நிலையிலும் அணையக்கூடாது என்றார், எஃப்எஸ்டி முன்னுரிமை 1க்கு வந்தது.

மின் பகிர்மானி 7ஆம் அளவு ஏ தரம் ஆனது, 9.7 மில்லியன். என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலில் மிக மதிப்புள்ள செலவு இதுதான். பூஸ்ட் (திடீர் வேகம்) அடுத்தடுத்து அடிக்க முடிவதும், அடிவாங்கும்போது ஷீல்டு தன்னை நிரப்பிக்கொள்வதும் இதைப் பொறுத்தவை.

பூஸ்டர்களில் இரண்டைக் கழற்றி அந்த இடங்களில் ஒரு சாஃப் ஏவியும், வரும் ஏவுகணைகளைச் சுட்டு வீழ்த்தும் ஒரு பாயிண்ட் டிஃபென்ஸும் வைத்தோம். சாஃப் விட்டால் தானாகக் குறிதேடும் ஆயுதங்கள் சில விநாடி குழம்பும். தாவலுக்குத் தேவை அந்தச் சில விநாடிதான்.

ஐந்து ஆயுத இடங்களும் காலி. மைத்துனர் ஒரு மைன் ஏவியாவது பின்னால் இருக்கட்டும் என்று மன்றாடினார். அதையும் பயன்படுத்த ஆயுதத்தை நீட்ட வேண்டும், நீட்டினால் தாவ முடியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார் உரிமையாளர்.

எல்லாம் முடிந்தபின் கையில் சுமார் 34 மில்லியன், ரீபை 6 மில்லியன் அளவு.

பிறகு நடந்தது

வழிமறிப்பு நிற்கவில்லை, நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. மறு அமைப்புக்குப் பின் வந்த முதல் இடைமறிப்பில் அவர் உடனே அடங்கினார், பூஸ்ட் அடித்தார், முன்கூட்டியே குறித்துவைத்திருந்த பக்கத்து மண்டலத்துக்குத் தாவினார். ஷீல்டில் ஒரு வளையம்கூடப் போகவில்லை. இன்னொரு முறை குறிக்க மறந்துவிட்டார்; வரைபடத்தைத் திறந்து தேடும் நேரத்தில் ஷீல்டு முழுவதும் போய், உடல் 70 விழுக்காட்டுக்கு இறங்கியபின்தான் தாவினார். கவசம் இருந்திருந்தால் அந்த இடத்தில் உதவியிருக்கும் என்பதையும் பதிவுசெய்கிறேன்.

வருமானம் இரண்டு மாதங்களில் பழைய நிலைக்கு வந்தது. பாதையில் கூடியிருந்த அந்த ஒரு தாவல் குறைந்ததும் அதற்கு ஒரு காரணம். வார இறுதிகளில் மைத்துனர் தன் வல்ச்சரில் காவலுக்குக் கூடவே வருகிறார். கொள்ளையன் வந்தால் அத்தான் ஓடிவிடுவார், தம்பி நின்று முடிப்பார். வீட்டில் இப்போது இதுதான் ஏற்பாடு.

மாற்ற வேண்டியவை

எங்கள் குழுவில் இனி யார் கப்பலை மேம்படுத்தினாலும் வாங்குவதற்கு முன் இடைமறிப்பின்போது என்ன செய்யப்போகிறோம் என்பதை வாயால் சொல்லிவிட வேண்டும் என்று பேசிவைத்திருக்கிறோம். ஓடுவதா, நிற்பதா. இரண்டும் என்று சொன்னால் பணத்தைக் கையில் வைத்திருக்கச் சொல்லுவோம். ரீபையும் ஒரு முழுச் சரக்கின் விலையும் சேர்ந்த தொகைக்குக் கீழே கையிருப்பு போகக்கூடாது என்பது மற்றொன்று. உரிமையாளரின் பழைய கப்பல் அந்தக் கணக்கில் முதல் நாளே தோற்றிருக்கும்: 7.7ம் 11ம் சேர்ந்தால் கிட்டத்தட்ட 19, சரக்கு ஏற்றியபின் கையில் இருந்தது 9.

வேறொருவரின் கப்பல் அமைப்பை எடுத்துக்கொள்ளும்போது அது எந்த வேலைக்காக உருவானது என்று கேட்பது, அடுத்தது. முன்னுரிமை எண் 5 வல்ச்சரில் சரி, பைதானில் கேடு.

இன்னும் முடிவாகாத ஒன்று பொறியாளர் மேம்பாடு. விளையாட்டில் டெசியாட் மண்டலத்தில் உள்ள ஃபெலிசிட்டி ஃபார்சியர் என்ற பொறியாளர் எஃப்எஸ்டியின் தாவும் தூரத்தை ஐந்தாம் படிவரை கூட்டித் தருவார். உந்துவிசை இயந்திரத்தையும் மூன்றாம் படிவரை தொடுவார். அவரிடம் போக ஆய்வுப் பயணத் தகுதியில் ஸ்கவுட் நிலை வேண்டும், மெட்டா-அலாய் என்ற சரக்கு ஒரு டன் கொடுக்க வேண்டும். உரிமையாளர் வணிகத்தைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை என்பதால் அந்தத் தகுதிக்கு இன்னும் தொலைவு இருக்கிறது. ஷிஃப்டு விடுமுறை கிடைக்கும் வாரத்தில் பழைய ஆஸ்பை எடுத்துக்கொண்டு கொஞ்சம் சுற்றிவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.